தெரியாது என்று நான் சொன்னது

அந்த உரையாடல் இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆனாலும், மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் எங்கள் நெறிமுறைக் குழுவின் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் அதில் நான் சொன்ன ஒரு சொல் முன்னால் வந்து நிற்கிறது.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குக் கொடுக்கும் தகவல் தாளின் அடியில், ஐயம் இருந்தால் அழைக்கலாம் என்று அந்தக் குழுவின் உறுப்பினர் செயலரான என் எண் அச்சிடப்பட்டிருக்கும். இத்தனை ஆண்டுகளில் அந்த எண்ணுக்கு ஒரு பங்கேற்பாளர் அழைத்தது அதுவே முதல் முறை. ஞாயிற்றுக்கிழமை மதியம். பல்லடம் பக்கத்து ஸ்பின்னிங் மில் ஒன்றின் விடுதியிலிருந்து பேசுவதாக அந்தப் பெண் சொன்னார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது; பின்னால் யாரோ பக்கெட்டைத் தரையில் இழுத்துச் செல்லும் சத்தம் கேட்டது.

“மேடம், அந்த மூச்சு ஊதுற ஆராய்ச்சிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேனுங்க. இப்ப வேண்டாம்னு சொல்லலாங்களா?”

“தாராளமாச் சொல்லலாம்மா. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.”

“நான் வேண்டாம்னு சொன்னது மேனேஜருக்குத் தெரியுங்களா?”

“தெரியாது.”

“சரிங்க” என்று வைத்துவிட்டார்.

படிவத்தில் எழுதியிருந்ததைத்தான் நான் சொன்னேன். விலகுவது அவர் உரிமை, விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும், விலகுவதால் வேலைக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று அதில் தெளிவான தமிழில் இருக்கிறது. அந்தத் தமிழைத் திருத்திக் கொடுத்ததும் நான்தான். ஆனால் மில்லின் மேலாளருக்குத் தெரியாது என்று உறுதி சொல்லும் நிலையில் நான் இருக்கவில்லை என்பது, தொலைபேசியைக் கீழே வைத்த அடுத்த கணமே எனக்கு உறைத்தது.

இந்த ஆய்வை நடத்தும் மாணவியின் முதல் திட்டத்தில் மில் வளாகமே கிடையாது. பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுக்கம் அதிகமாகத் தெரியும். அதனால் அந்த நாளில் ஷிப்டுக்கு முன்பும் பின்பும் கையடக்கமான ஒரு கருவியில் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளக்க வேண்டும். கிராமத்திலிருந்து மில் வேனில் போய்வரும் பெண்களை அவரவர் வீட்டில், வேன் வருவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் சந்திப்பதாக அவள் எழுதியிருந்தாள். கோபிக்காரப் பெண், அந்த வேன்கள் எந்த ஊர் முக்கில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டது குழு. முதலில் சொன்னவர் எங்கள் வழக்கறிஞர் உறுப்பினர், வலியுறுத்தியது நான். மில்லுக்குத் தெரியாமல் அதன் தொழிலாளர்களின் உடல்நலத் தரவைத் திரட்டினால், தெரியவரும் நாளில் முதலில் வேலை போவது அந்தப் பெண்களுக்குத்தான் என்று அவர் வாதிட்டார். அது வெறும் சட்டப் பயம் அல்ல. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லிப் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய வரலாறு உள்ள வட்டாரம் இது. கடைசி மாதத்தில் ஒரு பெண்ணை வெளியே அனுப்பினால் அவள் எதை இழப்பாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பொதுமக்கள் சார்பில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டும், “மில்லுக்காரங்க கூட்டியாந்து உக்கார வெச்சா அந்தப் புள்ளைங்க என்னத்தப் பேசும்?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பிலும் அது இடம்பெறவில்லை. குறிப்பு எழுதியது நான். நாங்கள் பின்பற்றும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள் மருத்துவம் சாராத, நிறுவனத்தைச் சாராத ஒரு சாதாரண மனிதர் குழுவில் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்வது, இப்படிப்பட்ட கேள்வியை ஒருவர் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மாணவியைப் பார்த்து, “கடிதம் வாங்கிவிடலாம் அல்லவா?” என்றேன். அவள் ஒரு நொடி தன் நெறியாளரைப் பார்த்துவிட்டு, “சரிங்க மேடம்” என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எது சொன்னாலும் முதலில் வாயில் வருவது “சரிங்க”தான். அது இசைவு அல்ல, மரியாதை. இசைவா இல்லையா என்பது அதன் பிறகு வரும் மௌனத்தில்தான் இருக்கும். காங்கயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல. இருந்தும் அன்று அந்தச் சொல்லையே அவளுடைய சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போனேன்.

கடிதம் வந்தது. அதனுடன், வார்டன் தயாரித்த நாற்பது பெயர்களின் பட்டியலும் வந்தது. எல்லாரும் விடுதிப் பெண்கள். அளவிடும் இடம் வார்டன் அறைக்கு அடுத்த அறை. மாணவி இதை முறையாகத் திருத்த விண்ணப்பமாகவே அனுப்பினாள். இடமும் ஆட்களும்தானே மாறியிருக்கிறார்கள், கேள்விகள் மாறவில்லையே என்று நினைத்து, சிறு மாற்றங்களுக்கு உரிய விரைவுப் பரிசீலனையில் அதை வைத்து ஒப்புதல் அனுப்பினேன். அது முழுக்குழுவுக்கு முன் போயிருக்க வேண்டும். நிறுவனத் தலைமையின் அனுமதி தனிமனிதரின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்று பயிற்சி வகுப்புகளில் பாடம் எடுத்திருக்கிறேன். அதை அறிந்தே செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வாரம் பதினொரு கோப்புகள் மேசையில் இருந்தன. அதைக் காரணமாகச் சொல்லும்போதே அது காரணமாகாது என்பதும் தெரிகிறது.

ஆகவே, நாற்பது பேர் அந்த அறைக்கு வரிசையில் போய், மறு வாரம் முப்பத்தொன்பது பேர் போனால், வாசலில் நிற்பவருக்கு எண்ணத் தெரியாதா?

மேனேஜருக்குத் தெரியுங்களா என்று அந்தப் பெண் கேட்டார். நான் தெரியாது என்றேன். நம் மொழியில் அந்த ஒரே சொல் மேலாளருக்குத் தெரியவராது என்றும் பொருள்படும், எனக்குத் தெரியாது என்றும் பொருள்படும். இரண்டாவதுதான் உண்மை. அந்தப் பெண் கேட்டுக்கொண்டது முதலாவதை. நான் சொல்ல நினைத்ததும் முதலாவதைத்தான். “எனக்கு உறுதியாத் தெரியலம்மா, அடுத்த வாரம் என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிப்போம்” என்று சொல்லியிருந்தால், ஒருவேளை பயந்துபோய் விலகாமலேயே இருந்திருப்பார். அது மேலானதா? நான் சொன்ன ஒரு சொல் குறைந்தபட்சம் அந்த மதியத்துக்காவது அவருக்கு நிம்மதி தந்திருக்கும் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். சில நாள் அந்த நிம்மதியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று மாலையே மாணவியிடம் அவருடைய பதில்களையும் அளவுகளையும் தரவிலிருந்து நீக்கச் சொன்னேன்; நீக்கினாள். திரும்ப அழைத்து விசாரிக்கலாம் என்றால் அது விடுதியின் பொதுத் தொலைபேசி. மில்லில் போய்ப் பேசலாம் என்றால் எதைப் பற்றிப் பேச வந்தேன் என்று சொல்லியாக வேண்டும். சரிசெய்ய நினைத்த ஒவ்வொரு வழியும் அவரைக் காட்டிக்கொடுக்கும் வழியாகவே இருந்தது. அடுத்த கூட்டத்தில் “ஒரு பங்கேற்பாளர் விலகிக்கொண்டார்” என்று ஒரு வரி வாசித்தேன். பாதிப்பு ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்டார். அப்படித் தகவல் ஏதும் வரவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

தரவு போய்விட்டது, அவர் கையெழுத்திட்ட படிவம் போகவில்லை. ஆய்வு முடிந்து குறைந்தது 3 ஆண்டுகள் ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதால் அது பூட்டிய அலமாரியில் இருக்கிறது. நீல மையில், தலைப்பெழுத்துக்குப் பிறகு ஒரு புள்ளி, அதை அழுத்தி வைத்ததில் தாளின் மறுபக்கம் ஒரு சின்னப் புடைப்பு. இந்தப் பெண்ணைக் காப்பதற்காக நாங்கள் வாங்கிய அத்தாட்சி அது.

இந்த மாதம் சோமனூர் விசைத்தறிக் கூடங்களைப் பற்றி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது, உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தோடு. யாரைச் சந்திக்கலாம் என்பதை முடிவு செய்வது யார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வழக்கறிஞர் பழைய வாதத்தையே மறுபடி சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் வருகிறாரா என்று காலையில் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.