ஐந்து டேப்

நியூயார்க்கில் யூபிஎஸ் வார்பர்க் என்ற முதலீட்டு வங்கி மீது ஒரு பெண் ஊழியர் போட்ட பாலினப் பாகுபாட்டு வழக்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பாதிச் சண்டை, ஆதாரமாக அவர் கேட்ட நிறுவன மின்னஞ்சல்களுக்காகத்தான். எல்லாம் பழைய பேக்கப் டேப்களில் (நகல் சேமித்து வைக்கும் காந்த நாடாக்களில்) கிடக்கிறது, எடுக்கச் செலவாகும் என்றது நிறுவனம். சரி, அந்தப் பெண் கை காட்டும் 5 டேப்பை மட்டும் உங்கள் செலவில் எடுங்கள் என்றார் நீதிபதி ஷைரா ஷெயிண்ட்லின். சுமார் 600 மின்னஞ்சல் வந்து விழுந்தது! மீதி டேப்களை மீட்கும் செலவில் 75 சதவீதம் நிறுவனத்துக்கு, 25 அந்தப் பெண்ணுக்கு. (அந்த 25 எனக்கு இன்னும் உறுத்துகிறது.) அப்புறம் பார்த்தால், பாதுகாக்கச் சொல்லியும் சில மின்னஞ்சல்களை அழித்திருக்கிறார்கள். அழிந்தவை நிறுவனத்துக்குப் பாதகமானவை என ஜூரி எடுத்துக்கொள்ளலாம் என்று 2004-இல் தீர்ப்பு. 2005-இல் ஜூரி கொடுக்கச் சொன்னது சுமார் 2.9 கோடி டாலர்.