தேவசகாயம் நடந்த மண்ணில் எங்கள் பங்கின் பெரியவர்களோடு

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில், ஒரு திருப்பயணம் கட்டாயம் இருக்கும். போகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்களும் நடுவயதுக்காரர்களும்தான். பெரியவர்கள் காணிக்கைக் காசைக் கையில் திணித்து, "எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ" என்று வாசலோடு நின்றுகொள்வார்கள். இந்த வருடம் அவர்களையே முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவது என்று முடிவானது. யோசனை எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களுடையது. 1833-இல் பாரிசில் ஓசானாம் என்கிற கல்லூரி மாணவர் தன் நண்பர்களோடு தொடங்கிய சபை அது, வாரம் தவறாமல் கூடுவதும் கஷ்டப்படுகிறவர்களை வீடு தேடிப்போய்ப் பார்ப்பதும்தான் அவர்கள் வேலை. அப்படி வீடு வீடாகப் போகும்போது தெரிந்த விஷயம் இதுதான்: பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, தனியாகக் கிடக்கிற பெரியவர்கள் அரிசியோ மாத்திரையோ அவ்வளவாகக் கேட்பதில்லை. "கோயில் வாசலை மிதிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றுதான் சொல்கிறார்கள். மாதத்தின் முதல் வெள்ளிதோறும் நற்கருணை அப்பம் வீட்டுக்கே வருகிறது, சரி, ஆனால் பத்துப் பேரோடு சேர்ந்து உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிற அந்தச் சத்தம் வீட்டுக்கு வருவதில்லையே.

எங்கே போவது என்பதில் பெரிய பேச்சே எழவில்லை. புனித தேவசகாயம். ஞானஸ்நானம் வாங்கிய வடக்கன்குளம், சுடப்பட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு. திருநெல்வேலிப் பக்கமிருந்து தெற்கே போனால் இந்த மூன்றும் அவர் வாழ்க்கை நடந்த அதே வரிசையில் வழியிலேயே வரும். பெரியவர்களை ரொம்ப அலைக்கழிக்காமல் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

கிளம்பும் முன்பே ஒரு சிக்கல் வந்தது, ஒருசந்தி, ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடும் நோன்பு. திருச்சபைச் சட்டப்படி 18 வயது முடிந்ததிலிருந்து 59 முடியும் வரைதான் ஒருசந்தி கடமை, அதற்கு மேல் இல்லை. ஆனால் எங்கள் ஆச்சிமாரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்! சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஆச்சி ஒருவர், தவக்காலத்தில் திருப்பயணம் போகும்போது காலையில் வாயில் எதுவும் வைக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பங்குத்தந்தையே இட்லிப் பொட்டலத்தோடு பஸ்ஸுக்குள் ஏறி வந்து, "ஆச்சி, நீங்க மயங்கி விழுந்தா உங்களைத் தூக்கறதுதான் எங்களுக்குத் தவம், சாப்பிடுங்க" என்றபிறகுதான் பொட்டலம் பிரிந்தது. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பூசையில் எசாயா 58-ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். தலையைக் குனிந்து சாக்கு உடுத்திச் சாம்பலில் உட்காருவதா நான் கேட்ட நோன்பு, ஒடுக்கப்பட்டவனை விடுவிப்பதும் பசித்தவனோடு உன் உணவைப் பகிர்வதும் அல்லவா என்று ஆண்டவர் கேட்கிற இடம். ஃபாதர் அன்று அதைப்பற்றித்தான் பிரசங்கம் வைத்தார். எனக்கு அந்த வாசகம் பயணம் முழுக்கக் கூடவே வந்தது.

வடக்கன்குளத்தில் இறங்கும்போது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. இளைஞர்கள் ஆளுக்கொரு பெரியவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நட்டாலத்து நீலகண்டன், 1745 மே 14-ஆம் தேதி இந்த ஊரில்தான் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றார். விவிலியத்தில் வருகிற லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவம்தான் தேவசகாயம். அவருக்கு இயேசுவைப்பற்றிச் சொன்னவர் டி லனோய், 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டுப் பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி. அவ்வளவு செல்வாக்கான இடத்தில் இருந்த ஒருவர், யாரோடு பேசுவது, யார் வீட்டில் உட்காருவது என்று பார்க்காமல் எல்லாச் சாதிக்காரர்களோடும் பழக ஆரம்பித்ததுதான் பலருக்கும் பொறுக்கவில்லை. மதம் மாறியது ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம்.

அவர் மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் வாங்கி ஞானப்பூ ஆனார். கணவர் கொல்லப்பட்டபிறகு அவர் வடக்கன்குளத்திலேயே காலத்தைக் கழித்தார் என்பார்கள். இதை எங்கள் குழுவில் ஒரு சிஸ்டர் சொன்னபோது, அதுவரை காலை நீவிக்கொண்டிருந்த ஆச்சிகள் சட்டென்று நிமிர்ந்தார்கள். கணவர் போனபிறகு தனியாக வாழ்கிறவர்கள்தான் அவர்களில் பாதிக்கு மேல். பீடத்தைப் பார்த்தபடி ஒரு ஆச்சி, "தாயே, ஒனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேறு எதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

இதே வடக்கன்குளத்தைப்பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், பக்தி என்ற பெயரில் இதை மூடி மறைக்க எனக்கு மனசு வரவில்லை. தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கிய இந்த ஊரில்தான் 19-ஆம் நூற்றாண்டில் இரட்டைக் கூடம் வைத்துக் கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டு பக்கமாகப் பிரியும் கூடங்கள், நடுவில் சுவர். ஒரு சாதிக்கு ஒரு கூடம், இன்னொரு சாதிக்கு இன்னொரு கூடம், இவர்கள் அவர்களைப் பார்க்காமலே பூசை காணலாம். 1910-இல் சேசுசபைக் குருக்கள் அந்தப் பிரிவினைச் சுவரை எடுத்தார்கள். சுவர் வேண்டும் என்றவர்கள் சும்மா விடவில்லை, வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமை கிடையாது என்று தீர்ப்பாயிற்று. ஒரே அப்பத்தை உண்டு ஒரே கிண்ணத்தில் பங்கு கொள்கிறோம் என்று சொல்கிற நாம், சேர்ந்து உட்காருவதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் காத்திருந்திருக்கிறோம். இதைப் பெரியவர்கள் முன்னால் சொல்லலாமா என்று குழுவில் ஒரு தயக்கம் இருந்தது. ஃபாதர் சொன்னார். நல்ல வேளை சொன்னார்.

ஏனென்றால் அதற்கப்புறம்தான் பஸ்ஸில் பேச்சு ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், எங்கள் ஊரின் கீழத்தெருக்காரர், இவ்வளவு வருடமாக அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில்கூட அதிகம் வாயைத் திறக்காதவர், ஆரல்வாய்மொழி வருவதற்குள் மனம்விட்டுப் பேசினார். "எங்க அப்பா காலத்துல நம்ம கோயில்ல எங்களுக்கு இடது ஓரம்தான். ஏன்னு கேட்டா எப்பவும் அப்படித்தான்னு சொல்வாங்க. தேர் தூக்க எங்களைக் கூப்பிட மாட்டாங்க, தேர் போற பாதையைச் சுத்தம் பண்ணக் கூப்பிடுவாங்க." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. பிறகு 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணையைப்பற்றிச் சொன்னார். பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்று போட்டு, 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவ தலித்துகளை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருகிறார்கள். அந்த ஆணை வந்த ஆகஸ்ட் 10-ஐ வருடாவருடம் கறுப்பு நாளாக அனுசரிப்பதும், நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு கொண்டாடுவதும் நம்மில் பலருக்குப் பூசை முடிந்தபின் வாசிக்கிற ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். வாத்தியாருக்கு அது தன் மகன் கல்லூரியில் சேர்ந்த கதை. கோயிலில் சாதி உண்டு, சர்க்கார் சலுகைக்குச் சாதி இல்லை என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல என்ன இருக்கிறது?

ஆரல்வாய்மொழியில் இரண்டு பக்கமும் காற்றாலைகள். மலையடிவாரத்தில் வியாகுல மாதா கோயில், அந்த இடத்தையே இன்று தேவசகாயம் மவுண்ட் என்றுதான் சொல்கிறார்கள். 1749-இல் கைதானவரை ஏறக்குறைய மூன்று வருடம் வதைத்தார்கள். எருமையின் முதுகில் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள், அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள்.

இயேசு சிலுவை சுமந்து போனதைப் பதினான்கு நிலைகளாக நினைத்து ஜெபிக்கும் சிலுவைப்பாதை இங்கேதான் செய்தோம். ஏற முடிந்தவர்கள் மெல்ல மேலே நடந்தார்கள், முடியாதவர்கள் கீழே நிழலில் உட்கார்ந்து அங்கிருந்தே ஜெபித்தார்கள். நாங்கள் ஒவ்வொரு நிலையிலும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பெரியவர்கள் பதினான்கு நிலைகளையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி, எங்கள் பேரில் தயவாயிரும்" என்று மேலே இருப்பவர்கள் சொல்ல, கீழேயிருந்து அதே வார்த்தை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. ஐந்தாம் நிலையில், சீரேன் ஊர் சீமோன் சிலுவையைத் தாங்கும் இடத்தில், ஃபாதர் வேண்டுமென்றே கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தினார். சீமோன் தானாக விரும்பி வரவில்லை, வழியில் போனவரைப் பிடித்து நிறுத்தினார்கள், ஆனாலும் தோள் கொடுத்தார் என்றார். கைத்தாங்கலாகப் பிடித்திருந்த பையன்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவனை அவன் அம்மா வற்புறுத்தித்தான் பஸ் ஏற்றினார் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் வரை அவன் அந்தத் தாத்தாவின் கையை விடவே இல்லை.

மணியடிச்சான் பாறையைப் பார்க்காமல் யாரும் இங்கிருந்து திரும்புவதில்லை. தேவசகாயம் உயிர்விட்டபோது மலையிலிருந்து ஒரு பாறை விழுந்து மணிபோல் ஒலித்தது என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற நம்பிக்கை. கல்லால் தட்டினால் இன்றும் கணீர் என்று கேட்கிறது. வாத்தியாரும் தட்டினார். காதைப் பாறையோடு ஒட்டவைத்துக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை தட்டினார்.

மதியச் சாப்பாடு சாம்பார் சாதம், தயிர் சாதம், அப்பளம். எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்தோம், கால் மடக்க முடியாதவர்களுக்கு மட்டும் நாற்காலி. காலையில் ஒருசந்திக்குச் சண்டை பிடித்த அதே ஆச்சி, மடியிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். வீட்டில் போட்ட நார்த்தங்காய் ஊறுகாய். பக்கத்தில் வாத்தியார். ஆச்சி விரலாலேயே ஒரு துண்டை எடுத்து அவர் இலையில் வைத்துவிட்டு, அதே விரலை நக்கிக்கொண்டார். இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் மேலத்தெரு வீட்டில் பிறந்து 80 தாண்டிய ஒரு பெண் இப்படிச் செய்வதில் என்ன இருக்கிறது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வாத்தியார், "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். ஆச்சி, "ஒமக்கு நாக்கு செத்துப்போச்சு" என்றார்.

கோட்டாறு போய்ச் சேரும்போது நான்கு மணி ஆகிவிட்டது. புனித சவேரியார் பேராலயத்தில் பீடத்துக்கு முன்னால் தேவசகாயத்தின் கல்லறை. காட்டில் எறியப்பட்ட உடலின் எலும்புகளை மக்கள் தேடி எடுத்துவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2-ஆம் தேதி நாகர்கோவிலில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் அவருக்குக் கொடுத்தபோது வந்திருந்த பெரியவர் ஒருவர், அன்றைய கூட்டத்தைப்பற்றிச் சின்னப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியாவில் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர் ஒருவர் புனிதரானது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்பே, அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப்பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டது. நாம்தான் இன்னும் பேனரிலும் அழைப்பிதழிலும் அதை விடாமல் அச்சடிக்கிறோம். தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த மனிதர் உயிரைக் கொடுத்து உதறிய ஒன்றை அவர் பெயரிலேயே கொண்டுபோய் ஒட்டுவது அவருக்குச் செய்கிற அவமானம்.

கல்லறையைத் தொட்டு ஜெபிக்க ஒவ்வொருவருக்கும் நேரம் கொடுத்தோம். அவசரப்படுத்தவே இல்லை. புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான்பாறைக்கும் போகவேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள், தேவசகாயம் தாகத்தில் முழங்கையால் இடித்ததும் தண்ணீர் ஊறியதாகச் சொல்லும் பாறை. இருட்டிவிடும் என்பதால் அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொண்டோம்.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே இரண்டு விஷயம் பேசி முடிவானது, மறுநாள் ஞாயிறு பூசையில் ஃபாதரும் அறிவித்துவிட்டார். ஒன்று, இந்தத் தவக்காலத்து உண்டியல் பணத்தில் நம் கோயிலின் பக்கவாசலுக்குச் சாய்தளம் போட்டு, ஒரு சக்கர நாற்காலியும் வாங்குவது. படி ஏற முடியாததால்தான் பல பெரியவர்கள் வருவதில்லை. வீட்டிலிருந்து அழைத்து வரப் போக அன்பியத்துக்கு ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்கிறோம், மாத உதவித்தொகை வராமல் அலைகிறவர்களின் மனுவையும் சபைக்காரர்களே எழுதிக் கொடுப்பார்கள். இரண்டாவது, இயேசு தன் பன்னிரண்டு சீடரின் பாதம் கழுவியதை நினைத்துச் செய்கிற பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு. வழக்கமாக நிர்வாகக் குழுவில் இருக்கிற ஆண்கள்தான் அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் உட்காருவார்கள். 2016-லிருந்து பெண்களும் உட்காரலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸே விதியை மாற்றிவிட்டார், நாம்தான் மாறவில்லை. இந்த வருடம் பன்னிரண்டு பேரும் பெரியவர்கள், ஆறு ஆச்சி, ஆறு தாத்தா, எல்லாத் தெருவிலிருந்தும். கீழத்தெருவிலிருந்து வாத்தியார் பெயரைக் கொடுத்தது ஊறுகாய் ஆச்சிதான். மற்ற தெருக்காரர்கள் குருத்து ஞாயிறுக்குள் உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் பெயர் சொல்லிவிடுங்கள்.