முடிச்சு கரையும்வரை

அம்மாவுக்குக் கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். வலது கண்ணில் பிரஷர் 34. மூன்று வகை சொட்டு மருந்தும் பயனில்லை. முன்பு செய்த ட்ராபெக்குலெக்டமி ஆபரேஷனில் நீர் வெளியேறத் திறந்த வழியும் தழும்பு கட்டி மூடிவிட்டது. இனி டியூப்தான் என்றார் டாக்டர். கண்ணுக்குள் இருக்கும் நீரை, வெளிப்புறம் பதிக்கும் ஒரு தகட்டுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய் அது.

டியூபிலும் இரண்டு விதமாம். அகமது வால்வு வைத்தால் அன்றைக்கே பிரஷர் இறங்கும். அதிகமாக இறங்கிவிடாமல் வால்வே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, மதுரை ஆரோலேப் தயாரிக்கும் ‘ஆடி’. விலையும் குறைவு.

"ஆடியா? வேண்டவே வேண்டாம், ஆவணியில வச்சுக்கலாம்" என்றாள் அம்மா. மாதம் இல்லை, கருவியின் பெயர் என்று புரியவைத்தோம்.

அகமதுவின் தகடு 184 சதுர மில்லிமீட்டர், ஆடியுடையது 350. தகடு பெரிதானால் நாளாவட்டத்தில் பிரஷர் இன்னும் நன்றாகக் குறைய வாய்ப்புண்டு, சொட்டு மருந்தும் குறையலாம். ஆனால் அதில் வால்வு கிடையாது. தகட்டைச் சுற்றிச் சதை உறை உருவாகும்முன் டியூப் திறந்தால் கண் காற்றுப்போன பந்து மாதிரி தொய்ந்துவிடும். அதனால் தானே கரையும் நூலால் டியூபைக் கட்டிவிடுகிறார்கள். கரைய ஐந்தாறு வாரம். அம்மாவின் பார்வை நரம்பு அதுவரை தாங்குமா என்று யோசித்துவிட்டுத்தான் டாக்டர் ஆடியைத் தேர்ந்தெடுத்தார்.

டியூப் வெளியே துருத்தாமல் மூடவும் இரண்டு வழி: சொந்த வெண்படலத்திலேயே சுரங்கம் குடைவது, அல்லது தானமாக வந்த கண்ணின் வெண்படலத் துண்டை மேலே வைத்துத் தைப்பது. அம்மாவுக்கு வெண்படலம் மெல்லியது, எனவே இரண்டாவது. "யாரு கண்ணுப்பா அது?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பாடெல்லாம் அதற்கப்புறம்தான். மறுநாள் பிரஷர் 28. ஆபரேஷன் பண்ணியும் இவ்வளவா என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முடிச்சு இருக்கும்வரை இப்படித்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காதில் விழுந்தது மனதில் ஏறவில்லை, அவ்வளவுதான். சொட்டு மருந்தோடு, பிரஷரைக் குறைக்கும் டயமாக்ஸ் மாத்திரையும் தொடர்ந்தது. விரல் நுனியெல்லாம் மரமரப்பு. ஆசையாகக் குடிக்கும் பன்னீர் சோடா சப்பென்று இருக்கிறது, கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று சண்டைக்கே கிளம்பினாள். அதுவும் மாத்திரையின் வேலைதான்.

39ஆம் நாள் காலையில் அந்தக் கண் மங்கலாக இருக்கிறது என்றாள். பதறி ஓடினோம். பிரஷர் 8. நூல் கரைந்து டியூப் திறந்திருந்தது. ஒரு வாரத்தில் மங்கல் தெளிந்தது. இப்போது ஒரே சொட்டு மருந்தில் 13, 14 என்று நிற்கிறது. முன்பே போன பார்வை போனதுதான், அது திரும்பாது.

டயமாக்ஸை நிறுத்திய மூன்றாம் நாள் பன்னீர் சோடா வாங்கிவரச் சொன்னாள். அதே கடையில்தான்.