அந்தச் ‘சரி’

“மூணு தடவை ஆள் கூப்பிட முடியாது சார். ஒரேயடியா அடிச்சு முடிச்சுடுவோமா?”

“சரிண்ணே… நடுவுல ஒரு பாதை மாதிரி விட்டுட்டு அடிங்க.”

பேச்சு இவ்வளவுதான். மீன் விட்ட பண்ணைக்குட்டையை மூடியிருந்த வெங்காயத்தாமரைக்குக் களைக்கொல்லி அடிப்பது பற்றி, கரையில் நின்று பேசியது. கேட்டவர் குட்டைக்காரர், யோசனை சொன்னவன் நான். இதில் எந்த இடத்தில் தவறு என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன். நம் பேச்சில் ‘சரி’ என்பது சம்மதம் மட்டுமல்ல. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் சரிதான், உங்கள் சிரமம் புரிகிறது என்பதற்கும் சரிதான். நான் சொன்னது சிரமம் புரிகிறது என்ற சரி. அவர் எடுத்துக்கொண்டது சம்மதச் சரி. மீன் மிதந்த பிறகு, கோபமே இல்லாமல், “நீங்க சரின்னுதானே சொன்னீங்க” என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

மூன்று தடவை என்று முதலில் சொன்னது நான்தான். காரணத்தைக் கணக்காகச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். குட்டை 30க்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், சரிவு ஒன்றுக்கு ஒன்றரை, அதாவது ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கரை ஒன்றரை மீட்டர் உள்ளே சாயும். மேல்பரப்பு 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். நிரம்பி நின்றால் ஏறக்குறைய 1,460 கன மீட்டர் தண்ணீர். அதன்மேல் வெங்காயத்தாமரை இடைவெளி இல்லாமல் அடைத்திருந்தது. சதுர மீட்டருக்கு 25 கிலோ என்று குறைத்து வைத்தாலும் மொத்தம் 22 டன் பச்சை எடை. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். காய்ந்த சரக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல்.

அந்த ஒரு டன் தண்ணீருக்குள் அழுகினால் என்ன ஆகும்? காய்ந்த சரக்கு ஒரு கிலோ முழுதாக மக்குவதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஆக்சிஜன் வேண்டும். குட்டைத் தண்ணீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தக் குட்டையிலும் இருப்பு 9 கிலோகூட வராது. தேவை ஆயிரம் கிலோ, கையிருப்பு ஒன்பது. எல்லாம் ஒரே வாரத்தில் மக்கிவிடாது, காற்றிலிருந்தும் புதிதாகக் கரைந்துகொண்டே இருக்கும், உண்மைதான். ஆனாலும் முதல் சில வாரங்களில் பத்தில் ஒரு பங்கு மக்கினாலே நூறு கிலோ. பகுதி பகுதியாக அடிப்பது இதற்காகத்தான். மூன்றில் ஒரு பங்கு அடித்து, பத்துப் பதினான்கு நாள் பொறுத்து, அடுத்த பங்கு. அன்று இந்தக் கணக்கைச் சொல்லாமல் “மீனுக்கு ஆகாதுண்ணே” என்று மட்டும் சொன்னேன். மீனுக்கு ஆகாது என்று எல்லா மருந்தைப் பற்றியும் சொல்கிறோம். அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

‘நடுவில் ஒரு பாதை’ என்று நான் சொன்னது மீன் ஒதுங்க இடம் கிடைக்கும் என்ற நினைப்பில். 4 மீட்டர் அகலத்தில் 30 மீட்டர் நீளம் விட்டால் அடிக்காத பரப்பு 120 சதுர மீட்டர். மீதி 780 அடிக்கப்பட்டது. பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ஒரே நாளில் சாகடித்துவிட்டு அதைப் பாதி விட்டுக்கொடுத்தது போல நினைத்துக்கொண்டது என் மனம். போதாததற்கு, அடிக்காமல் விட்ட பாதை செடி மூடிய பாதைதான். அங்கே வெளிச்சமும் இறங்காது, காற்றும் படாது. மீனுக்கு வேண்டியது வெட்டவெளித் தண்ணீர். கையால் அரித்து எடுத்த பாதை என்றால் அது உதவியிருக்கும்.

தெளிப்பு முறையில் குறை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். இதை நானே எனக்குச் சொல்லிக்கொள்வதையும் கவனிக்கிறேன். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, 41 சதவீதம், லிட்டருக்கு 10 மில்லி. 16 லிட்டர் டேங்கிற்கு 160 மில்லி. ஒரு டேங்க் 300 சதுர மீட்டருக்குக் காணும். கலக்கும் தண்ணீரைக் குட்டையிலிருந்து மொள்ளக் கூடாது. கலங்கல் தண்ணீரில் உள்ள களிமண் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குட்டை அடிச்சேற்றில் விழுந்த மருந்து செயலற்றுப்போவதும், கலங்கல் தண்ணீரில் கலந்த மருந்து வேலை செய்யாமல் போவதும் ஒரே காரணத்தால்தான். போர் தண்ணீர் உப்பாக, சோப்பு நுரைக்காததாக இருந்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மருந்தைக் கட்டிவிடும். அதற்கு லிட்டருக்கு 20 கிராம் அமோனியம் சல்பேட். முதலில் பாதித் தண்ணீர், அதில் சல்பேட்டைக் கரைத்துத் துணியில் வடிகட்டி ஊற்றி, பிறகு மருந்து, கடைசியில் மீதித் தண்ணீர். வரிசையை மாற்றினால் மருந்தை முதலில் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். சல்பேட் போட்டும் பயன் குறைவு. வாளி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகர வாளியில் கிளைபோசேட்டைக் கலந்து வைத்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

பனி காய்ந்தபின், எட்டு மணிக்கு மேல் அடிக்க வேண்டும். பனி ஈரத்தோடு அடித்தால் பளபளப்பான அந்த இலையில் மருந்து நிற்காமல் வழிந்து தண்ணீரில் இறங்கிவிடும். துளி பெரிதாக, அழுத்தம் குறைவாக, இலை நனைய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. பிறகு ஆறு மணி நேரமாவது மழை வேண்டாம். அளவைக் கூட்டினால் நல்லது என்ற நம்பிக்கை கடைக்காரர்களுக்கும் உண்டு. கூட்டினால் இலை சீக்கிரம் கருகும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் உயிரோடிருக்கும் இலைதான் மருந்தை அடித்தண்டுக்கு இறக்கும். கருகிய இலை எதையும் இறக்காது, மூன்று வாரத்தில் குருத்து தலைகாட்டும்.

இன்னொன்று, மருந்தை இலையில் ஒட்டிப் பரவவைக்கும் திரவம். நம் கடைகளில் கிடைக்கும் கிளைபோசேட்டில் அது ஏற்கெனவே கலந்தே வருகிறது. மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் கிளைபோசேட்டை விடக் கூடுதல் நஞ்சு இந்தக் கலப்புப் பொருள்தான். அமெரிக்காவில் நீர்நிலைகளுக்கென்று அது கலக்காத தனித் தயாரிப்புகள் விற்கின்றன. இங்கே அப்படி ஒரு பழக்கம் இல்லை. இதற்குமேல் ஷாம்பூ, சோப்பு ஆயில் என்று ஊற்றுவது மீன் குட்டையில் வேண்டவே வேண்டாத வேலை.

2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லியைப் போட்டிருக்கலாமே என்று ஒரு நண்பர் பிறகு கேட்டார். வெங்காயத்தாமரைக்கு அது நன்றாகவே கேட்கும், இரண்டு நாளில் தண்டு முறுக்கிக்கொள்ளும். ஆனால் மேட்டில் மிளகாயும் அதற்கடுத்துப் பருத்தியும் நின்றன. பருத்தி அந்த மருந்தின் வாடைக்கே இலை சுருங்கும். டேங்க்கைச் சரியாகக் கழுவாமல் அடுத்த வாரம் வேறு மருந்து அடித்தாலும் போதும். குட்டைத் தண்ணீரைப் பாய்ச்சவும் உடனே முடியாது. அமெரிக்க லேபிள்களில் 21 நாள், இல்லையேல் பரிசோதனையில் 100 பிபிபிக்கு (நூறு கோடியில் 100 பங்கு) கீழே என்று கண்டிருக்கிறது. இன்னொரு குழப்பம் பெயரில். பல ஊர்களில் வெங்காயத்தாமரையையே ஆகாயத்தாமரை என்கிறார்கள். சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்பது வேறு செடி, முட்டைக்கோசு மாதிரி வடிவில், ரோமம் படர்ந்த இலையோடு மிதப்பது. அதற்கு 2,4-டி சரியாகப் பிடிக்காது. போனில் பெயரைக் கேட்டு மருந்து சொல்லும் எல்லோரும் ஒருமுறையாவது இதில் சறுக்கியிருப்போம்.

அடித்தது புரட்டாசியில். செடி பூவெடுத்து நிற்கும் பருவம், மருந்து நன்றாக இறங்கும். எட்டாம் நாள் மஞ்சள் பாய்ந்தது. மூன்றாம் வாரம் முழுக்கப் பழுப்பு. அவர் போட்டோ அனுப்பினார், நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். உண்மையில் அந்தப் பத்தாம் நாளிலிருந்து பதினெட்டாம் நாள் வரை உள்ள இடைவெளிதான் முக்கியம். செடி செத்து வாடியிருக்கும், ஆனால் மூழ்கியிருக்காது. கயிற்றைக் குறுக்கே கட்டி இழுத்துக் கரைக்கு ஒதுக்கி, கொக்கியால் வாரி, குட்டைக்குள் சாறு திரும்பி வழியாதபடி வெளிச்சரிவில் கொட்ட வேண்டிய நாட்கள் அவை. அதைச் செய்தால் பாதி ஆபத்து போய்விடும். சொன்னேனா? சொன்னேன், ஆனால் அடிக்கும் முன்பு சொல்லவில்லை. போட்டோ பார்த்தபின் சொன்னேன். “வார்ற வேலைய மிச்சம் பண்ணத்தானே சார் மருந்தே” என்று அவர் சிரித்ததும் நியாயம்தான்.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. ஆறு நாள் மூட்டம். வெயில் இல்லாத நாளில் பாசி கொடுக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும், எடுப்பது மட்டும் குறையாது. செத்த செடி அதே வாரம் மூழ்கிக் குழைய ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. ஆறாம் நாள் கட்லாவும் ரோகுவும் மிதந்தன.

நான் போனபோது முதலில் பார்த்தது எது மிதக்கிறது என்பதை. பெரிய மீன்கள் செத்திருந்தன, குஞ்சுகள் ஓரத்தில் திரிந்தன. விராலும் பனையேறியும் துள்ளிக்கொண்டிருந்தன. அவை மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும் சாதி. மருந்தின் நஞ்சு என்றால் குஞ்சுதான் முதலில் போகும், விராலும் தப்ப முடியாது. பெரியது முதலில், அதுவும் விடியலில் என்றால் மூச்சுத்திணறல். “மருந்து கொல்லலண்ணே, காத்து பத்தல” என்றேன். அறிவியலாக ஒவ்வொரு சொல்லும் சரி. சொல்லி முடித்ததும் எனக்கே கூசியது. அந்தக் காற்றை எடுத்தது அழுகல், அழுகலைக் கொண்டுவந்தது மருந்து, ஒரேயடியாக அடிக்கலாம் என்றது நான். அல்லது என் சரி. டீசல் இன்ஜினைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே மேலேற்றி, பலகையில் மோதவிட்டுச் சிதறடித்து விழவைத்தோம். தீவனத்தை நிறுத்தச் சொன்னேன். மிச்சத்தைக் காப்பாற்ற அது உதவியது.

மழை இல்லாவிட்டால் தப்பித்திருக்குமோ? சில நாள் அப்படித் தோன்றுகிறது. பங்குனியில் அடித்திருந்தால் மூட்டம் இருக்காது. ஆனால் சுடும் தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு, அழுகல் இன்னும் வேகம். செடி மூடிய குட்டையில் முன்பே மீனுக்கு மூச்சு முட்டியிருக்கும் என்பதும் உண்மை. சும்மா விட்டிருந்தாலும் செத்திருக்கலாம். இப்படி யோசிக்கும்போது நிம்மதி வருகிறது, வந்த வேகத்திலேயே சந்தேகமும் வருகிறது.

இலைகளில் சின்னச் சின்னத் தழும்புகள் இருந்ததும் நினைவுக்கு வருகிறது. வெங்காயத்தாமரையைத் தின்னும் நியோகெட்டினா வண்டு கடித்த தடம் அப்படித்தான் இருக்கும். 1982-இல் நம் நாட்டுக்கு வரவழைத்த வண்டு. அது செடியை ஒழிக்க வருடங்கள் ஆகும், 22 சென்ட் குட்டைக்காரர் அதுவரை பொறுக்க மாட்டார். ஆனாலும் அன்று அதை அவரிடம் காட்டக்கூட இல்லை. ஒரேயடியாக அடித்ததில் வண்டுக்கு இருந்த தீனியும் போயிற்று.

2022 அக்டோபரில் கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மட்டுமே கையாள வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. இது அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. அப்போதும் லேபிளில் இருந்தது தேயிலையும் பயிரில்லா நிலமும்தான். மீன் விட்ட குட்டை பயிரில்லா நிலமா என்று அன்று நானும் கேட்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை.

இப்போது மீன் குட்டை என்றால் முதலில் வலை போட்டுப் பெரிய மீனைப் பிடித்துவிடச் சொல்கிறேன். பிறகு பாதியைக் கையால் எடுக்க வேண்டும், மருந்து மிச்சத்துக்கு மட்டும், அதுவும் பங்கு போட்டு. இதைக் கேட்டுவிட்டுப் பலர் மறுபடி கூப்பிடுவதில்லை. ஒரு குட்டைக்கு மட்டும், மீன் இல்லை என்பதால், ஒரே நாளில் அடிக்கச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்ணீர் வற்றியதும் ஈரச்சேற்றில் விதைகள் முளைத்துப் பச்சைப் பாய் விரித்தன. அந்த விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பொறுக்கினால்தான் கட்டுக்குள் வரும். அங்கே பொறுக்க யாரும் இல்லை.

எனக்குத் தீராத கணக்கு வேறொன்று. 780 சதுர மீட்டருக்கு இரண்டரை டேங்க்தான் ஆகும். “நாலு ஆச்சு சார்” என்றார். நாலு என்றாலும் 640 மில்லி. நான் போன அன்று ஒரு லிட்டர் பாட்டில் வேலி முள்ளில் கவிழ்த்து மாட்டியிருந்தது. முழு லிட்டரும் போயிருந்தால்கூட 1,460 கன மீட்டரில் அது லிட்டருக்குக் கால் மில்லிகிராம்தான். ஆனால் சராசரி என்பது குட்டை முழுக்கக் கலந்தால் வருவது. ஓரத்தில் முழங்கால் ஆழத்தில் கணக்கு வேறு. மீதி 360 மில்லி எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் செத்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.