இன்றைக்குப் போதும்

குத்துச்சண்டைப் பயிற்சியில் மணி அடித்ததும் அந்தப் பையன் எதிராளியின் மூலைக்குப் போய் உட்காரப் பார்த்தான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் கண் எங்கேயும் நிலைக்கவில்லை.

தலைக்கவசம் போட்டிருந்தான், சரி. அது மண்டையைத்தான் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மயங்கி விழவைக்கும் ஓர் அடியைவிட, விழாமல் தாங்கிக்கொள்ளும் நூறு சின்ன அடிகள்தான் எனக்குப் பயம். வருஷக்கணக்கில் அடி வாங்கிய மூளையில் டௌ என்ற புரதம் படியலாம். அப்புறம் மறதி, கோபம், மனச்சோர்வு.

வீரர்கள் மோதி விளையாடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் 2002இல், 50 வயதில் இறந்தார். அவர் மூளையில் இந்தப் பாதிப்பைக் கண்டவர் டாக்டர் பென்னட் ஒமாலு. இறந்த பிறகுதான் இதை உறுதிசெய்ய முடியும் என்பதுதான் கொடுமை.

பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல் பையனின் கையுறையைக் கழற்றினார். அவன் அழுதான்.

"இன்றைக்குப் போதும்டா" என்றார்.