இரண்டாவது சாவி

கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்தவரை, எந்தச் சங்கத்துக்குப் போனாலும் என் கண் முதலில் நகைப் பெட்டகத்துக்குத்தான் போகும். பேரேடு, ரசீது எல்லாம் அப்புறம். பெட்டகத்துக்கு இரட்டைப் பூட்டு. சாவிகள் இரண்டு பேரிடம். ஒருவர் திருட நினைத்தாலும் இன்னொருவர் வந்தால்தான் திறக்கும்.

டெல்டா பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். பெயர் வேண்டாம். அங்கே இரண்டாவது சாவி தலைவர் வசம் இருக்க வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. 2017இல் நான் போனபோது, செயலாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரே வளையத்தில் கோத்த இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

"இன்னொண்ணு தலைவர்கிட்டதானே இருக்கணும்?"

"அவர் வயல், கட்சின்னு அலையறவர் சார். ஒவ்வொரு தடவையும் கூப்பிட முடியுமா?"

அந்தப் பதிலுக்காகவே எல்லா அடகு நகைப் பொட்டலங்களையும் பிரிக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு பொட்டலத்தில் நான்கு வளையல்கள். எடை சீட்டில் உள்ளபடியே இருந்தது. கூட வந்த வெளியூர் மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சொட்டு திராவகம் விட்டார். மஞ்சள் கோடு பொங்கி, பச்சையாகி, காணாமல் போனது. "கவரிங் சார்" என்றார், மெதுவாக. பிறகு பிரித்தவற்றில் இருபதுக்கும் மேல் அப்படித்தான் இருந்தன. கடன் வாங்கியதாகப் பதிவாகியிருந்த ஒரு பாட்டியைத் தேடிப் போனோம். "வளையலா? என் தாலியே மஞ்சக் கயித்துலதான் தம்பி கிடந்துச்சு" என்றார்.

செயலாளரும் சங்கத்து மதிப்பீட்டாளரும் சேர்ந்து செய்த வேலை. அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது சரிபார்ப்புப் பதிவேடு. 'அனைத்துப் பொட்டலங்களும் என் முன்னிலையில் சரிபார்க்கப்பட்டன' என்று காலாண்டுக்கு ஒரு வரி, கீழே தலைவரின் கையெழுத்து. எட்டுக் காலாண்டுகளுக்கும் ஒரே பேனா, ஒரே மை. ஒரே நாளில் உட்கார்ந்து போட்டதுதான்.

1983ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் விசாரணை நடந்தது. "ஒரு பைசா நான் தொடலை. நீட்டின இடத்துல போட்டேன்" என்றார் தலைவர். நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அந்த ஓட்டு வீடும் பழைய புல்லட்டும் அப்படியேதான் இருந்தன. ஆனால் 87ஆம் பிரிவில், பணத்தைத் தொட்டவர்தான் என்றில்லை, வேண்டுமென்றே கவனக்குறைவாக இருந்து நட்டம் வரவைத்தவரிடமிருந்தும் அந்த நட்டத்தைத் தண்டத்தீர்வையாக வசூலிக்கலாம். கவனக்குறைவுக்குச் சாட்சியாக அந்தப் பதிவேடே இருந்தது. 'வேண்டுமென்றே' என்பதில்தான் வழக்கு சிக்கியது. தலைவர் அதிலிருந்து தப்பிவிட்டார். மற்ற இருவர் மீது வசூல், குற்ற வழக்கு இரண்டும்.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். உறவுக்காரப் பெண் கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். மண்டபத்துச் சுவரொட்டியில் அந்தத் தலைவர் கும்பிட்டபடி நின்றார். ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கு வேட்பாளர். 'கறைபடியாத கரம்' என்று போட்டிருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரம் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு என்று கேட்கும். தணிக்கைக் குறிப்பில் பெயர் வந்ததா என்று கேட்காது.

பக்கத்து இலைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அவரு எடுக்கலையே சார், எடுத்தவன் உள்ள போயிட்டான்ல" என்றார். பாயசத்தை அப்பளத்தோடு பிசைந்துகொண்டே சொன்னதால் வாதம் செய்ய மனம் வரவில்லை. ஆனால் ஒன்றியக் குழுவில் கவுன்சிலரின் வேலையே செலவுப் பட்டியலைப் படித்துப் பார்த்து, ஏன் என்று கேட்டு, பிறகு ஒப்புதல் தருவதுதானே? எதைச் செய்யத் தவறினாரோ, அதே வேலையைத்தான் இன்னும் பெரிய தொகைக்குக் கேட்டு வந்திருந்தார். (2021இல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காக மாநிலம் முழுக்கப் பொட்டலங்களைப் பிரித்தபோது, போலி நகைக்குக் கடன், நகையே இல்லாமல் கடன் என்று வரிசையாக வந்தன. அங்கெல்லாமும் ஒரு சரிபார்ப்புப் பதிவேடு இருந்திருக்கும்.)

சாப்பாட்டு வரிசையில் கும்பிட்டபடி வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"ஆடிட்டர் சார்! இன்னும் என் மேல கோபமா?"

"கோபமில்லைங்க. அந்தக் கையெழுத்துக்கு ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னுதான்."

அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு முந்தின வருஷம் நீங்களும்தானே போட்டீங்க?"

உண்மைதான். 2016 தணிக்கையும் என்னுடையதுதான். பத்துப் பொட்டலங்களை எடுத்து எடை மட்டும் போட்டுப் பார்த்தேன், உரசவில்லை. கல்லைக் கொண்டுபோகவே இல்லை.

"போட்டேன். ஒழுங்கு நடவடிக்கைன்னு 17(அ) மெமோ வந்துது. எழுதிக் கொடுத்தேன், ஒரு இன்கிரிமென்ட் போச்சு. உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

கொஞ்ச நேரம் என் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மோர் வாங்கிக்கிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.