ஆடி வெள்ளியைக் கேளுங்கள்: வெள்ளையர் ஆட்சி முடிந்த கதையைப் பாட்காஸ்ட் ஆக்கிய விதம்

மதுரையில் உட்கார்ந்து ஆறு பகுதிகளாகப் பதிவு செய்தோம். பகுதிக்கு 25 நிமிடம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் போகும். எழுத்து 2,200 சொல்லைத் தாண்டினால் வாசிப்பவர் ஓட ஆரம்பித்துவிடுவார்.

முதல் சறுக்கல் தேதிகளில்தான். 1947 பிப்ரவரி 20 ஆட்சியை ஒப்படைக்கப்போவதாகப் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியின் அறிவிப்பு, ஜூன் 3 நாட்டைப் பிரிக்கும் திட்டம், ஜூலை 18 இந்திய சுதந்திரச் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல், ஆகஸ்ட் 15, பிறகு 17-இல் இந்தியா-பாகிஸ்தான் எல்லைக்கோடு வெளியீடு. புத்தகம் என்றால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். மாட்டுத்தாவணி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு வருபவர் மூன்று தேதியைத் தாண்டினாலே விட்டுவிடுவார். அதனால் ஒரு பகுதிக்கு மூன்று தேதிதான் என்று வைத்துக்கொண்டு, மற்றதை இடைவெளியாக மாற்றினோம். அட்லி கொடுத்த கெடு 1948 ஜூன்; ஆனால் ஜூன் 3 திட்டத்துக்குப் பிறகு மிஞ்சியது 73 நாள். எல்லைக்கோடு போட வேண்டிய ராட்கிளிஃப் ஜூலை 8-இல்தான் வந்து இறங்கினார். கோடு போட ஐந்து வாரம். இப்படிச் சொன்னால் அவசரம் தானாகவே காதில் ஏறும்.

உள்ளூர்ப் பெருமை அடுத்த பள்ளம். எதைத் தொடங்கினாலும் பேச்சு மேலமாசி வீதிக்குப் போய் நிற்கும்: 1921 செப்டம்பர் 22, காந்தி அரையாடைக்கு மாறிய இடம். அது 26 வருடம் முந்தையது. 1939 ஜூலை 8 மீனாட்சியம்மன் கோயில் ஆலயப் பிரவேசமும் வேறு கதை. இரண்டையும் வெட்டினோம், மனசில்லாமல்தான். வெட்டாமல் வைத்தது உசிலம்பட்டிப் பக்கத்தை. சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திக் கைரேகை வாங்கிய, கைரேகைச் சட்டம் என்று ஊரார் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் நீக்கியது 1947-இல். அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு வாங்கிய (1920 ஏப்ரல் 3) மண்ணுக்கு, ஆட்சி முடிந்தது என்றால் டெல்லியில் கொடி ஏறியது மட்டுமல்ல. பெரியார் ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்றதும் அண்ணா அதில் மாறுபட்டதும் ஒரு முழுப் பகுதிக்குத் தாங்கும்.

பெரியவர்களிடம் பேட்டி. அன்று பத்து வயதிருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார். காலையில் சாப்பாடு ஆனதும் போங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். "1947 ஆகஸ்ட்ல என்ன பண்ணீங்க பாட்டி?" என்றால் ஒன்றும் வராது. அன்று வெள்ளிக்கிழமை, ஆடியின் கடைசி வெள்ளி. "அந்த ஆடிக் கடைசி வெள்ளி கோயிலுக்குப் போனீங்களா?" என்று கேட்டால் பேச்சு திறந்துகொள்ளும். காந்தியை அன்றைக்கு மதுரையில் பார்த்ததாக யாராவது சொல்லலாம். அவர் அன்று கல்கத்தாவில். மதுரைக்குக் கடைசியாக வந்தது 1946 பிப்ரவரி. அப்படிச் சொல்பவரை மறிக்கவோ பதிவை நறுக்கவோ வேண்டாம். இரண்டு நினைவு ஒன்றாகியிருக்கிறது, அவ்வளவுதான். தொகுப்பாளர் பின்னால் வந்து ஒரு வரியில் தேதியைச் சொன்னால் போதும்.

சட்டை மைக் மாட்டினால் தாத்தாவின் துண்டு உரசி 'டப் டப்' என்று விழும். துண்டை மடியில் வைக்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு முந்தானையில் மாட்டாமல், சின்ன ரெக்கார்டரைத் தலையணை மேல் வைத்து ஒரு முழத்துக்குள் நகர்த்துங்கள். ஃபேனை நிறுத்துங்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் சத்தத்தை மட்டும் பிடியுங்கள். வெட்டு விழுந்த இடத்தை மறைக்க அதுதான் ஒட்டு.

வீட்டில் வாசிக்க டைனமிக் மைக், வாயிலிருந்து நான்கைந்து விரல் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து. இல்லாவிட்டால் 'பிரிட்டிஷ்', 'பிரிவினை' வரும்போதெல்லாம் காற்று குத்தும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு). உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். மோனோவில் (ஒரே தடத்தில்) வெளியிடும்போது மொத்தச் சத்தம் மைனஸ் 19 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு).

ஆகஸ்ட் 15-க்கு வெளியிடுவதாக இருந்தால் வாசிப்புப் பதிவை ஆனியிலேயே முடித்துவிடுங்கள். ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ், மைக்செட். எந்த ஃபில்டரும் அதை எடுக்காது.